வாய்வழி மருந்துண்ட பீரங்கிகள்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

அறிவியலும் தொழில்நுட்பமும் எப்போதும் முன்னோக்கியே நடக்கும் என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை. நேற்று வந்ததைவிட இன்று வந்தது மேலானது. இன்று வந்ததைவிட நாளை வரப்போவது மேலானது. இப்படித்தான் நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆனால், உலகிலேயே பெரிய கடற்படையை வைத்திருந்த ஒரு நாடு, கையில் கிடைத்த புதிய கருவியைக் கீழே வைத்துவிட்டு, பாட்டனார் காலத்து முறைக்கே திரும்பிப் போயிருக்கிறது. அந்தப் பழைய முறையிலேயே ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் நின்று, உலகமே அஞ்சும் அளவுக்குப் பெரிய பீரங்கிகளைச் செய்திருக்கிறது. விக்டோரியா மகாராணியார் காலத்து இங்கிலாந்தின் கதை இது.

நண்பர்களே! இயற்பியல் மாணவனுக்குப் பீரங்கியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். முதலாம் ஆண்டில் சுழற்சி இயக்கம் பற்றிய பாடம் நடந்தபோது, துப்பாக்கிக் குழலின் உட்புறம் ஏன் வழவழப்பாக இருப்பதில்லை என்று எங்கள் விரிவுரையாளர் கேட்டார். அந்தக் கேள்வியின் நூலைப் பிடித்துக்கொண்டு போனவன்தான் இந்தப் பீரங்கிகளிடம் வந்து சேர்ந்தேன். போரைப் போற்றுவதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பீரங்கிகளின் வரலாற்றில் ஒரு நாள் நடந்த நிகழ்ச்சி எங்கள் வீட்டுக்கதை ஒன்றையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

பம்பரமும் குண்டும்

பழைய காலத்துப் பீரங்கி என்பது ஒரு பக்கம் மூடிய உலோகக் குழாய், அவ்வளவுதான். அதன் வாய் வழியாக மருந்துப் பையைத் தள்ளுவார்கள். அதன்மேல் உருண்டைக் குண்டைத் தள்ளுவார்கள். நீண்ட கோலால் கெட்டிப்பார்கள். பின்புறத்துச் சிறு துளையில் நெருப்பு வைப்பார்கள். நெல்சன் காலத்துக் கப்பல்களில் இருந்தவை இத்தகைய பீரங்கிகளே.

குண்டு வாய் வழியாக எளிதில் இறங்க வேண்டுமானால் அது குழலைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். அந்த இடைவெளி வழியே வெடிமருந்தின் ஆவி வீணாக வெளியேறும். குண்டும் குழலின் சுவரில் இங்குமங்கும் மோதிக்கொண்டு வெளிவரும். குறி தவறுவதில் வியப்பில்லை அல்லவா?

உருண்டைக்குப் பதில் நீண்ட, கூர்முனைக் குண்டைச் செய்தால் அதே வாயளவில் எடையைக் கூட்டலாம்; காற்றின் தடையும் குறையும். ஆனால் அது பறக்கும்போது கரணமடிக்கும். கரணமடிக்காமல் முனை முன்னோக்கியே செல்ல வேண்டுமானால் அது பம்பரம்போலச் சுழல வேண்டும். சுழலும் பொருள் தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுக்காது என்பதை நாம் படித்திருக்கிறோம். குழலின் உட்சுவரில் சுருள் சுருளாகக் காடிகள் வெட்டி, குண்டு அந்தக் காடிகளைப் பற்றிக்கொண்டு வெளியேறும்படி செய்தால் சுழற்சி கிடைத்துவிடும்.

இந்த முன்னேற்றத்துக்குக் காலமும் வந்தது. 1859-இல் பிரான்சு 'குளோர்' என்ற இரும்புக்கவசக் கப்பலை நீரில் இறக்கியது. அடுத்த ஆண்டே இங்கிலாந்து 'வாரியர்' கப்பலை இறக்கியது. அதன் கவசம் நாலரை அங்குல இரும்பு. மரக் கப்பலை உடைத்த பழைய குண்டுகள் அந்த இரும்பில் பட்டுத் தெறித்து விழுந்தன. அதைத் துளைக்கும் பீரங்கி வேண்டும் என்ற தேவை எழுந்தது.

முன்வைத்த கால்

வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் என்பவர் வழக்கறிஞராகப் பயின்றவர். சட்டத்தை விட்டுவிட்டுப் பொறியியலுக்கு வந்து, நியூகாசிலுக்கு அருகே எல்ஸ்விக் என்ற இடத்தில் நீரழுத்தத்தால் இயங்கும் பாரந்தூக்கிகளைச் செய்யும் தொழிற்சாலையை நிறுவினார். கிரிமியப் போரின்போது கனமான பீரங்கிகளை இழுத்துச் செல்ல வீரர்கள் பட்ட பாட்டைப் படித்து, இலேசான, குறி தவறாத பீரங்கி ஒன்றைச் செய்ய முனைந்தார்.

அவர் செய்த பீரங்கி அக்காலத்துக்கு மிகவும் புதுமையானது. குழலுக்குள் காடிகள் இருந்தன. மருந்தும் குண்டும் வாய் வழியாக அல்லாமல் பின்புறம் வழியாக நுழைந்தன. குண்டின்மேல் ஈயப் போர்வை இருந்ததால் அது காடிகளில் அழுந்திப் பதிந்து, ஆவியை வீணாக்காமல் சுழன்று வெளிவந்தது. 1859-இல் அரசு இதை ஏற்றது. ஆர்ம்ஸ்ட்ராங் தம் காப்புரிமைகளை அரசுக்கே அளித்து 'சர்' பட்டமும் பெற்றார்.

குறை எங்கே இருந்தது? பின்புறக் கதவில்தான். குழலின் மேற்புறத்தில் உள்ள பிளவுக்குள் ஓர் உலோகக் கட்டியை இறக்கி, பின்னாலிருந்து பெரிய திருகாணியால் அதை இறுக்குவார்கள். வெடியின் முழு அழுத்தத்தையும் அந்தக் கட்டியே தாங்க வேண்டும். திருகு சற்றுத் தளர்ந்திருந்தாலும் கட்டி பிய்த்துக்கொண்டு மேலே பறக்கும். சிறு பீரங்கியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய இக்குறை, பெரிய பீரங்கியில் உயிருக்கு உலை வைப்பதாக ஆயிற்று.

1863 ஆகஸ்டில் ஜப்பானின் ககோஷிமா நகரைப் பிரிட்டிஷ் கப்பல்கள் தாக்கின. அப்போது 21 ஆர்ம்ஸ்ட்ராங் பீரங்கிகள் 365 முறை சுட்டன. நிகழ்ந்த விபத்துகள் 28! வகுத்துப் பாருங்கள்: பதின்மூன்று முறை சுட்டால் ஒரு விபத்து. எதிரியைவிடத் தன் பீரங்கியைக் கண்டே மாலுமி அஞ்ச வேண்டிய நிலை.

பின்வைத்த கால்

ஆகவே கடற்படை திரும்பி நடந்தது. காடியை வைத்துக்கொண்டது, கதவை மூடிவிட்டது. 1865-இல் 7 அங்குல வாயும் 7 டன் எடையும் கொண்ட பீரங்கி சேவைக்கு வந்தது. காடி வெட்டியது, ஆனால் வாய் வழியாகவே மருந்திடுவது. இதற்கு 'உல்விச் முறை' என்று பெயர். உல்விச் என்பது அரசுப் பீரங்கித் தொழிற்சாலை இருந்த ஊர்.

வாய் வழியாக இறக்கும் குண்டு காடியை எப்படிப் பற்றும்? குண்டின் உடலில் வெண்கலக் குமிழ்களைப் பதித்தார்கள். குமிழ்களைக் காடிகளோடு பொருத்தி, குண்டை மெல்லத் திருகினாற்போல் உள்ளே தள்ளுவார்கள். சுடும்போது அதே குமிழ்கள் அதே காடிகளின் வழியே குண்டைச் சுழற்றிக்கொண்டு வெளியே கொண்டுவரும். முறை எளியது, உடைந்து பறப்பதற்குப் பின்னால் கதவும் இல்லை. செலவும் குறைவு.

குழலைச் செய்த விதம் நம் ஊர்க் கொல்லர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்தைவிடச் சற்றே சிறிதாகப் பட்டையைச் செய்து, நெருப்பில் காய்ச்சி விரியவைத்து, சக்கரத்தின்மேல் மாட்டித் தண்ணீரை ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி, மரத்தை நாற்புறமும் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். அதே தத்துவம்தான் இங்கும். உள்ளே எண்ணெயில் தோய்த்து உறுதியேற்றிய எஃகுக் குழல். அதன்மேல், காய்ச்சிய இரும்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி அடித்து ஒட்டவைத்த உறைகள். ஆறும்போது உறை சுருங்கி, உள் குழலை எந்நேரமும் நெருக்கிக்கொண்டிருக்கும். வெடியின் அழுத்தம் முதலில் அந்த நெருக்கத்தைத் தளர்த்திய பிறகே குழலை விரிக்க முடியும்.

குண்டுக்கும் ஒரு வித்தை இருந்தது. வில்லியம் பாலிசர் என்ற இராணுவ அதிகாரி, வார்ப்பிரும்புக் குண்டின் முனையை மட்டும் இரும்பு அச்சிலும் உடலை மணல் அச்சிலும் வார்க்கச் செய்தார். இரும்பு அச்சு வெப்பத்தை விரைவாக உறிஞ்சுவதால் முனை சட்டென்று குளிர்ந்து மிகக் கடினமாகும். விலை குறைந்த வார்ப்பிரும்பே கவசத்தைத் துளைக்கும் உளியாயிற்று.

பெருத்துக்கொண்டே போன வாய்

பிறகு தொடங்கியது ஒரு பந்தயம். பீரங்கி பெருத்தால் கவசம் தடிக்கும். கவசம் தடித்தால் பீரங்கி பெருக்கும். 7 டன் 12 டன் ஆயிற்று. 12, 18 ஆயிற்று. பாய்மரமே இல்லாத 'டெவஸ்டேஷன்' என்ற போர்க்கப்பல் 1873-இல் வந்தபோது அதன் நான்கு பீரங்கிகளும் ஒவ்வொன்றும் 35 டன். 'இன்ஃப்ளெக்சிபிள்' கப்பலில் 16 அங்குல வாயுள்ள 80 டன் பீரங்கிகள் நான்கு. அதன் இரும்புக்கவசமோ மிகத் தடித்த இடத்தில் 24 அங்குலம். அதே வகைப் பீரங்கிகள் இரண்டு டோவர் துறைமுகத்துக் கடல்மேடையிலும் நிறுவப்பட்டன.

இந்தப் பந்தயத்தின் ஒரு சிறு அலை நம் நாட்டுக் கரையிலும் வந்து அடித்தது. பம்பாய்த் துறைமுகத்தைக் காப்பதற்காக 'மக்தலா', 'அபிசீனியா' என்று இரண்டு கவசக் கப்பல்கள் 1870-இல் கட்டி முடிக்கப்பட்டன. 10 அங்குல வாயுள்ள 18 டன் பீரங்கிகள் அவற்றின் சுழற்கோபுரங்களில் இருந்தன.

எல்லாவற்றுக்கும் உச்சி 100 டன் பீரங்கி. இத்தாலி தன் 'டூலியோ' கப்பலுக்காக ஆர்ம்ஸ்ட்ராங் தொழிற்சாலையில் இவற்றைச் செய்யச் சொன்னது. மத்தியதரைக் கடலில் மால்ட்டாவும் ஜிப்ரால்டரும் தனக்கு உயிர்நிலைகளாயிற்றே என்று அஞ்சிய பிரிட்டன், அதே தொழிற்சாலையிடம் அதே பீரங்கிகள் நான்கை வாங்கி, இரண்டிடங்களிலும் இரண்டிரண்டாக நிறுத்தியது. வாயளவு 17.72 அங்குலம். ஒரு குண்டு 2,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 900 கிலோ. எழுபத்தைந்து கிலோ நெல் மூட்டைகள் பன்னிரண்டை ஒன்றாகக் கட்டி எறிவதாக எண்ணிக்கொள்ளுங்கள்!

இத்தகைய குண்டை மனிதர்கள் தூக்கி வாயில் வைத்துக் கோலால் கெட்டிப்பது இயலுமா? இயலாது. எனவே எல்ஸ்விக்கின் பொறியாளர் ஜார்ஜ் ரெண்டல் நீரழுத்தத்தால் குண்டைத் தள்ளும் ஏற்பாட்டை வகுத்தார். சுழற்கோபுரம் குறிப்பிட்ட இடத்துக்குத் திரும்பும். பீரங்கி வாயைக் கீழே சாய்க்கும். கோபுரத்துக்கு வெளியே, மேல்தளத்தின் அடியில் மறைந்திருக்கும் நீரழுத்தத் தண்டு மருந்தையும் குண்டையும் உள்ளே தள்ளும். மனிதக் கை பீரங்கியின் வாயைத் தொடவே வேண்டியதில்லை. கோபுரத்துக்குள் நிற்பவர்களின் கண்ணுக்கு அந்த வாய் தெரியப்போவதும் இல்லை.

இந்த ஏற்பாட்டில் எவரும் பெரிதாக எண்ணாத ஒரு குறை இருந்தது.

'தண்டரர்' கப்பலில் நடந்தது

'டெவஸ்டேஷன்' கப்பலின் உடன்பிறப்பு 'தண்டரர்'. இடி முழக்குவோன் என்பது அப்பெயரின் பொருள். அதன் முன் கோபுரத்தில் 38 டன் எடையுள்ள 12 அங்குலப் பீரங்கிகள் இரண்டு இருந்தன. இரண்டுக்கும் நீரழுத்த முறையில்தான் மருந்திட்டார்கள்.

1879 ஜனவரி 2. துருக்கியை ஒட்டிய மர்மரா கடலில் அந்தக் கப்பல் சுடும் பயிற்சியில் ஈடுபட்டிருந்தது. இரண்டு பீரங்கிகளும் ஒரே நேரத்தில் சுடப்பட்டன. பெரும் முழக்கம், கோபுரம் முழுதும் புகை. பீரங்கிகளை உள்ளிழுத்தார்கள். சாய்த்தார்கள். மீண்டும் மருந்திட்டார்கள். மீண்டும் சுட்டார்கள். இடப்புறப் பீரங்கி வெடித்துச் சிதறியது. 11 பேர் இறந்தார்கள். 35 பேர் காயமுற்றார்கள்.

விசாரணைக் குழு கண்ட முடிவு இது: முதல் முறை சுட்டபோது இடப்புறப் பீரங்கி வெடிக்கவே இல்லை. வலப்புறம் மட்டுமே வெடித்தது. அந்த முழக்கத்தில், இரண்டும் வெடித்துவிட்டன என்றே எல்லாரும் எண்ணிவிட்டார்கள். வெடிக்காத மருந்தும் குண்டும் உள்ளே கிடக்க, அவற்றின்மேலேயே இன்னொரு மருந்துப் பையும் இன்னொரு குண்டும் தள்ளப்பட்டன. அடுத்த நெருப்பு இரண்டையும் சேர்த்து வெடித்தது.

கோபுரத்துக்குள் அத்தனை பேர் இருந்தும் ஒருவர்கூடவா கவனிக்கவில்லை? அக்காலக் கடற்படைத் தளபதி ஒருவர், தம் அனுபவத்தில் இது நடக்கக்கூடியதே என்று பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். சுடும் நொடியில் வீரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். சிலர் கண்ணையும் மூடிக்கொள்வார்கள். அடுத்த நொடியே பீரங்கியை உள்ளிழுக்கும் நெம்புகோலை இயக்குவார்கள். பீரங்கி தானாக எவ்வளவு பின்னால் வந்தது, இயந்திரம் எவ்வளவு இழுத்தது என்று யார் பார்ப்பது? முன்போல மனிதக் கையே கோலைத் தள்ளியிருந்தால், கோல் வழக்கமான ஆழத்துக்கு இறங்காமல் முன்னதாகவே முட்டுவதை அந்தக் கை உணர்ந்திருக்கக்கூடும். நீரழுத்தத் தண்டுக்கு அந்த உணர்வு ஏது?

அப்பா கேட்ட கேள்வி

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிணறு வெட்டும் வேலையில் இருப்பவர். எங்கள் பக்கத்தில் பத்தடி தோண்டினாலே பாறை. பாறைக்கு வெடிதான் வழி. விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த அவரிடம் 'தண்டரர்' கதையைச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏன் கண்ணு, ரெண்டையும் எதுக்கு ஒண்ணாச் சுட்டாங்க? அப்புறம் எப்படி எண்றது?"

நான் வியந்துபோனேன். அறிஞர்கள் குழுவாக அமர்ந்து ஆராய்ந்த விஷயத்தின் வேரை அவர் ஒரு வாக்கியத்தில் தொட்டுவிட்டார்.

கிணற்று வேலையில் ஒரு சட்டம் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் படித்து அவர்கள் அதைக் கற்கவில்லை. பாறையில் ஆறு குழி போட்டு மருந்து கெட்டித்தால், ஆறு திரிகளையும் ஒரே நீளத்தில் வெட்டமாட்டார்கள். ஒன்றைவிட ஒன்று சற்று நீளமாக வெட்டுவார்கள். ஒவ்வொரு வெடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். நெருப்பு வைத்துவிட்டு மேலேறி, தொலைவில் மறைந்து நின்று, எல்லாரும் விரலை மடக்கி எண்ணுவார்கள். ஆறும் கேட்டால் இறங்கலாம். ஐந்துதான் கேட்டது என்றால் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது.

"இந்தச் சட்டத்தை யார் சொல்லிக் கொடுத்தாங்கப்பா?" என்று கேட்டேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "உன் பெரியப்பன்தான்."

என் பெரியப்பாவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே கிணற்றில் இறந்துபோனார் என்று மட்டும் தெரியும். எப்படி என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அன்றுதான் அப்பா சொன்னார். ஆறு வைத்திருந்தார்கள். ஐந்து கேட்டது. கடைசியில் கேட்டது பெரிய சத்தமாக இருந்ததால், "ரெண்டு ஒண்ணாப் போயிருக்கும்" என்று மேலே நின்றவர்களில் ஒருவர் சொன்னார். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, கல்லை அள்ளி முடித்தால்தான் அன்றைய கூலி. பெரியப்பா முதலில் இறங்கினார். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என் அப்பா. கடப்பாரை பட்ட இடத்தில் ஆறாவது வெடி இருந்தது.

"சட்டம் அதுக்கு முன்னாடியும் இருந்தது கண்ணு. ஆனா அதுக்கப்புறம்தான் நாங்க எண்ண ஆரம்பிச்சோம்" என்றார் அப்பா.

'ரெண்டு ஒண்ணாப் போயிருக்கும்.' மர்மரா கடலில் பதினொரு பேரைக் கொன்ற எண்ணமும் ஏறத்தாழ இதுதான். அங்கே இரும்புக் கோபுரம். இங்கே கருங்கல் கிணறு. அங்கே வல்லரசின் கப்பல்; இங்கே நான்கு கூலியாட்கள். மொழி வேறு, நாடு வேறு, நூற்றாண்டு வேறு. ஆனால் ஒரு சத்தத்தை இரண்டாக எண்ணிக்கொள்ளும் மனித மனம் ஒன்றுதான்.

உல்விச்சில் ஒரு சோதனை

விசாரணைக் குழுவின் முடிவை அப்போது பலர் நம்ப மறுத்தார்கள். 'குழலிலேயே குறை இருந்திருக்கும்', 'குண்டு வழுக்கி முன்னால் நகர்ந்திருக்கும்', 'இடையில் வைத்த அடைப்பு சிக்கிக்கொண்டிருக்கும்' என்றெல்லாம் வாதங்கள் எழுந்தன. இந்த இடத்தில் அவர்கள் செய்ததை நம் ஆய்வுக்கூடங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். 'தண்டரர்' கப்பலின் அதே கோபுரத்தில் இருந்த மற்றொரு பீரங்கியைக் கழற்றி உல்விச்சுக்குக் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பாளர்கள் சொன்ன காரணங்களை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அதில் செய்து பார்த்தார்கள். பீரங்கி எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டது. கடைசியாக, 1880-இல், வேண்டுமென்றே இரட்டை மருந்தும் இரட்டைக் குண்டும் இட்டுச் சுட்டார்கள். கடலில் சிதறிய பீரங்கியைப் போலவே அதுவும் சிதறியது.

வாதத்தால் தீராத வழக்கு சோதனையால் தீர்ந்தது. பெரும் பொருட்செலவில் செய்த ஒரு பீரங்கியை உடைத்துத்தான் உண்மையை அறிய முடியுமென்றால் உடைக்கலாம் என்று துணிந்தார்களே, அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

மருந்தின் கணக்கு

வாய்வழிப் பீரங்கியின் காலம் முடிந்ததற்கு 'தண்டரர்' மட்டும் காரணம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. இயற்பியலும் இன்னொரு பக்கமிருந்து தள்ளிக்கொண்டிருந்தது.

எல்ஸ்விக்கில் பணியாற்றிய ஆண்ட்ரூ நோபிள், குழலுக்குள் எழும் அழுத்தத்தை அளக்க ஓர் எளிய வழி கண்டார். குழலின் சுவரில் சிறிய செப்பு உருளையைப் பொருத்தி, சுட்ட பிறகு அது எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அளந்து அழுத்தத்தைக் கணக்கிட்டார். குழலின் வெவ்வேறு இடங்களைக் குண்டு கடக்கும் நேரத்தை நொடியின் மிகச் சிறு கூறுகளில் பதிவு செய்யும் கருவியையும் அமைத்தார். வேதியியலறிஞர் ஃபிரெடரிக் ஏபலுடன் சேர்ந்து அவர் வெடிமருந்து பற்றிச் செய்த ஆய்வு 1875-இல் வெளிவந்தது.

பொடியாக அரைத்த மருந்து நொடியில் எரிந்து, குழலின் அடியில் மட்டும் பேரழுத்தத்தை எழுப்பித் தணிந்துவிடும். கூழாங்கல் போன்ற பெரிய கட்டிகளாகவும், நடுவில் துளையிட்ட அறுகோணப் பட்டகங்களாகவும் செய்த மருந்து மெதுவாக எரியும். குண்டு குழலுக்குள் ஓடும் நேரம் முழுதும் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உச்ச அழுத்தம் குறையும்; வேகமோ கூடும். விசை நெடுந்தூரம் செயல்பட்டால் வேலை அதிகம் என்ற எளிய விதிதான். ஆனால் அதன் பயனைப் பெறக் குழல் நீளமாக இருக்க வேண்டும். வாய் வழியாக மருந்திடும் பீரங்கி நீண்டால், அதன் வாயைக் கோபுரத்துக்கும் கோட்டைக்கும் அருகே கொண்டுவந்து மருந்திடுவது எப்படி? இங்கேதான் பழைய முறை சுவரில் முட்டிக்கொண்டது.

இதற்குள் பிரான்சும் ஜெர்மனியும் பின்வழி மூடும் முறையை நன்கு தேற்றியிருந்தன. கதவு சரியாகப் பூட்டாமல் சுடவே முடியாதபடி அமைக்க முடிந்தது. பின்புறத்தைத் திறந்தால் குழல் முழுவதையும் கண்ணால் பார்க்கலாம். மறு முனையில் வானம் தெரிந்தால் பீரங்கி காலி. தெரியாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. இரண்டாவது குண்டை வைக்கவும் இடமிராது. 1882-இல் நீரில் இறக்கப்பட்ட 'கொலாசஸ்' கப்பலுக்குப் பின்வழிப் பீரங்கிகளையே பொருத்தினார்கள்.

அதே 1882 ஜூலை 11-இல் எகிப்தின் அலெக்சாந்திரியா கோட்டைகளைப் பிரிட்டிஷ் கப்பல்கள் தாக்கியபோது, வாய்வழிப் பீரங்கிகள் தங்கள் பெரிய போரைக் கண்டன. 'இன்ஃப்ளெக்சிபிள்' அன்று தன் 16 அங்குலப் பீரங்கிகளால் 88 குண்டுகளை எறிந்தது. தன் பீரங்கிகளின் அதிர்ச்சியாலேயே அதன் மேற்கட்டுமானமும் படகுகளும் சேதமுற்றன. அந்தக் குண்டுகள் விழுந்த ஊரில் வாழ்ந்தவர்களை மறந்துவிட்டு இதைச் சாதனையாக மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

100 டன் பீரங்கிகளோ எதிரியின்மேல் ஒரு முறைகூடச் சுடவில்லை. மால்ட்டாவில் அவை கடைசியாகச் சுட்டது 1905-இல், அதுவும் பயிற்சிக்காக. நான்கில் இரண்டு இன்றும் எஞ்சியிருக்கின்றன. ஒன்று மால்ட்டாவின் ரினெல்லா கோட்டையிலும் மற்றொன்று ஜிப்ரால்டரிலும் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் அவற்றின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நமக்கு என்ன?

ககோஷிமாவில் புதிய முறையைக் கைவிட்டவர்கள் அறிவிலிகள் அல்லர். அன்று அவர்களிடம் இருந்த கதவு உண்மையிலேயே ஆளைக் கொன்றது. வாய்வழி முறைக்குத் திரும்பியவர்கள் தம் மாலுமிகளைக் காக்கவே திரும்பினார்கள். பின்னர் குண்டின் எடை கூடியபோது, அதைச் சுமக்கும் தோளைக் காக்க நீரழுத்தத்தைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வோர் அடியும் நல்ல எண்ணத்தோடு வைத்த அடிதான். ஆனால் தோளின் பாரத்தை இறக்கிய அதே இயந்திரம், பீரங்கி காலியா இல்லையா என்பதை அறிந்துவந்த கையையும் கண்ணையும் அதன் வாயிலிருந்து விலக்கிவிட்டது. அதற்கு ஈடாக வேறொன்றை வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாளை நம்மில் சிலர் தொழிற்சாலைகளுக்குப் போவோம். சிலர் மின்நிலையங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் போவோம். வேலையை இலகுவாக்கும் புதிய புதிய இயந்திரங்கள் நம் கையில் வந்து சேரும். அப்போது அதன் விலையையும் ஆற்றலையும் கேட்பதோடு இன்னொன்றையும் கேட்போம்: இது வேலையை முடித்துவிட்டதா இல்லையா என்பதை அதனருகே நிற்கும் ஆள் எப்படித் தெரிந்துகொள்வார்? அதற்கு விடை கிடைக்கும் வரையில், கேட்ட வெடிகளைத் தனித்தனியே எண்ணுவோம். குறைந்தால், அன்றைக்கு யாரையும் இறங்க விடாமல் இருப்போம்.